உயிருக்கு அத்தாட்சி யார் கொடுப்பது?

பென்ஷன் என்பதற்கு நம் பெரியவர்கள் தமிழில் வழங்கி வந்த பெயர் "உபகாரச் சம்பளம்" என்பதாகும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்கும் உதவித் தொகைக்கும் இதே பெயர்தான். ஒருவன் முப்பது வருஷம் ரோட்டுக் கூட்டினான், தபால் சுமந்தான், பிள்ளைகளுக்கு முன்னே நின்று தொண்டை வறளக் கத்தினான், ரயில் தண்டவாளத்தில் வெயிலில் கிடந்தான். அதற்காக அவனுக்குச் சேர வேண்டிய கூலியில் ஒரு பாகத்தைப் பிடித்து வைத்து முதுமையில் கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர் உபகாரமாம்! கடன் வாங்கினவன் கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உனக்கு உபகாரம் செய்கிறேன், பெற்றுக்கொள்" என்று சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா? ஆனால் சர்க்கார் சொன்னபோது நாம் சிரிக்கவில்லை. மேல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கும்பிட்டு வாங்கிக் கொண்டோம்.

அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்றால், சட்டத்திலிருந்தே வந்தது. வெள்ளைக்காரன் 1871-ஆம் வருஷத்தில் போட்ட பென்ஷன் சட்டமானது, சர்க்கார் உத்தியோகஸ்தருடைய அத்தாட்சி இல்லாமல் பென்ஷன் வழக்கை சிவில் கோர்ட்டு விசாரிக்கவே கூடாது என்று தடை போட்டிருந்தது. எஜமான் மனமிரங்கிக் கொடுப்பதற்கு வேலைக்காரன் வழக்காடுவதா என்பதுதான் அதன் தாத்பரியம். வெள்ளைக்காரன் போய் இருபத்துநாலு வருஷத்துக்குப் பிறகு, 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் என்பவருடைய வழக்கில்தான், பென்ஷன் சர்க்காரின் தயவல்ல, பாத்தியதை என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 1982-ஆம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி நகாரா வழக்கில் ஐந்து ஜட்ஜுகள் சேர்ந்து அதை இன்னும் கெட்டியாகச் சொன்னார்கள். பென்ஷன் தர்மமுமல்ல, எஜமானின் அருளுமல்ல, செய்து முடித்த வேலைக்குச் சேர வேண்டியது என்பது தீர்ப்பு. இன்றும் டிசம்பர் 17-ந் தேதியைப் பென்ஷன்காரர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

சட்டம் மாறிற்று. புத்தி மாறிற்றா என்பதுதான் கேள்வி. மாறவில்லை என்பதற்கு ருஜு வேண்டுமானால், நவம்பர் மாதத்தில் எந்தப் பாங்கி வாசலுக்காவது போய் அரைமணி நேரம் நின்று பாருங்கள்.

2014-ஆம் வருஷம் நவம்பர் 10-ந் தேதி மத்திய சர்க்கார் "ஜீவன் பிரமாண்" என்ற ஓர் ஏற்பாட்டை ஆரம்பித்தது. உயிருக்கு அத்தாட்சி என்று அர்த்தம். பென்ஷன் வாங்குகிறவர் வருஷத்துக்கொரு முறை தாம் உயிரோடிருப்பதாகக் காட்டிக் கொள்ள வேண்டும் என்பது பழைய விதி. அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, ஆதார் எண், பென்ஷன் உத்தரவு எண், பாங்கிக் கணக்கு எண், செல்போன் எண் ஆகிய இவைகளைக் கம்ப்யூட்டரில் பதிந்து, விரல் ரேகையையாவது கருவிழியையாவது யந்திரத்தில் காட்டினால், அது ஆதார் கணக்கிலுள்ளதோடு ஒத்துப் பார்த்து, சரியாயிருந்தால் ஒரு எண் கொடுக்கும். 2021 நவம்பர் முதல் முகத்தைக் காட்டினாலே போதும் என்றும் வந்து விட்டது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக் கண்ணை ஒரு தரம் இமைத்தால் வேலை முடிந்தது.

இது நல்ல ஏற்பாடா கெட்ட ஏற்பாடா என்றால், நல்ல ஏற்பாடு என்றே நாம் சொல்லுவோம். யந்திரத்தைப் பழிப்பது நமது வேலையல்ல. புதிதாக எது வந்தாலும் "அந்தக் காலம் போல ஆகுமா" என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு நமக்கு எப்போதும் சண்டைதான். அந்தக் காலம் எப்படியிருந்தது? டிரஷரி வாசலில் கிழவர்கள் விடியற்காலையில் வந்து செங்கல்லை இடத்துக்கு வைத்து வரிசை பிடித்த காலம் அது. கெஜட்டெட் அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காக அவர் வீட்டு நாய் குரைக்கக் குரைக்க வாசலில் நின்ற காலம். குமாஸ்தாவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்த காலம். பக்கவாதத்தில் விழுந்த கிழவியைக் கட்டிலோடு தூக்கிக் கொண்டு வந்து, "பார், மூச்சு விடுகிறாள்" என்று காட்டிய காலம். அமெரிக்காவிலிருக்கும் மகன் வீட்டுக்குப் போனவர் உயிர் அத்தாட்சிக்காகத் தவித்த காலமும் அதுதான். செல்போனிலே இமைப்பதற்கு எதிராக இந்தக் காலத்தை யாராவது மேல் என்பார்களானால், அவர் வரிசையில் நில்லாதவராயிருக்க வேண்டும்.

காகிதம் பொய் சொல்லாது என்று நினைப்பதும் பைத்தியக்காரத்தனம். உத்தரப்பிரதேசத்தில் ஆஜம்கர் ஜில்லாவைச் சேர்ந்த லால் பிஹாரி என்ற உயிருள்ள மனிதரை, 1976-இல் நிலக் கணக்கில் செத்துப் போனவராக எழுதி வைத்தார்கள். நிலத்தின் மேல் கண் வைத்த சொந்தக்காரர் செய்த கைங்கரியம். அந்த மனிதர் தம் பெயருக்குப் பின்னால் "மிருதக்", அதாவது செத்தவன், என்றே சேர்த்துக் கொண்டு, தம்மைப்போலக் காகிதத்தில் செத்தவர்களையெல்லாம் கூட்டிச் சங்கம் வைத்து, தேர்தலிலும் நின்று, 1994-இல்தான் பழையபடி உயிர் பெற்றார். பதினெட்டு வருஷம்! அப்போது கம்ப்யூட்டரா இருந்தது? பேனாவும் மையும் மனிதனுடைய அயோக்கியத்தனமும்தான் இருந்தன.

ஆகையால் நமது ஆட்சேபணை யந்திரத்தின் மேலல்ல. யந்திரத்தைச் சௌகரியம் என்று சொல்லிக் கொண்டு வந்து, கட்டாயமாக்கி, பிறகு அதன் முகத்தைப் பார்த்துக் கிழவனை "நீ இல்லை" என்று சொல்லுகிறார்களே, அந்தக் காரியத்தின் மேல்.

நமக்குத் தெரிந்த ஒரு பாங்கியில் நடந்ததைச் சொல்லுகிறோம். எந்த ஊர், எந்தப் பாங்கி என்பது அவசியமில்லை, ஏனெனில் எல்லா ஊரிலும் நடக்கிறது. முனிசிபாலிட்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் தெருக் கூட்டி ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவர் வந்தார். துடைப்பம் பிடித்து, பிளீச்சிங் பவுடர் அள்ளி அள்ளி, விரல் நுனியெல்லாம் வழவழவென்று கூழாங்கல் போலாகியிருந்தன. யந்திரத்தில் ஒவ்வொரு விரலாக வைத்தார். வாங்கவில்லை. துணியை நனைத்துத் துடைத்துக் கொண்டு வைத்தார். வாங்கவில்லை. யாரோ எலுமிச்சம் பழம் தேய்க்கச் சொன்னார்கள். அதையும் செய்தார். மூன்று நாள் நடந்தார். மூன்றாம் நாள், "ஐயா, நான்தான் உங்க முன்னாலேயே நிக்கிறேனே" என்றார். உத்தியோகஸ்தர் கெட்டவரல்ல, இளைஞர். "பாட்டி, நீங்க நிக்கிறது எனக்குத் தெரியுது, சிஸ்டத்துக்குத் தெரியலையே, நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

தோழர்களே, இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தர்க்க சாஸ்திரம் படித்த எந்தப் பண்டிதரைக் கேட்டாலும், பிரமாணங்களில் முதலாவது பிரத்தியட்சம், அதாவது கண்ணால் காண்பது என்றுதான் சொல்லுவார். சர்க்கார் தன் ஏற்பாட்டுக்குப் பிரமாண் என்றே பெயர் வைத்துவிட்டு, பிரத்தியட்சப் பிரமாணத்தை மேஜைக்கு அந்தப்பக்கம் நிறுத்தி வைத்திருக்கிறது! எதிரே ஒரு மனுஷி நிற்கிறாள், பேசுகிறாள், அழுகிறாள். பார்க்கிறவர் படித்தவர், கண்ணுள்ளவர். ஆனால் தன் கண்ணைத் தானே நம்பக்கூடாது என்று அவருக்குப் பழக்கியிருக்கிறார்கள். கல்லுக்கு முன்னால் நின்று உத்தரவு கேட்கிறவனுக்கும், கண்ணாடித் திரைக்கு முன்னால் நின்று உத்தரவு கேட்கிறவனுக்கும் புத்தியில் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கிறோம். யந்திரத்தைச் செய்தவன்கூட அது நூற்றுக்கு நூறு வேலை செய்யும் என்று சொல்லவில்லை. வயதானால் தோல் வறண்டு ரேகை தேய்வதும், சுண்ணாம்பு, சிமெண்டு, சோப்புத் தண்ணீரில் வேலை செய்தவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் தேய்வதும் எல்லாரும் அறிந்த சங்கதி. அப்படியானால் இந்த யந்திரம் யாரைத் தள்ளுகிறது? நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவருடைய விரலை அது சுலபமாக ஏற்றுக் கொள்கிறது. கையால் பாடுபட்டவருடைய விரலைத்தான் யாரென்று கேட்கிறது.

இதற்குச் சட்டத்தில் இடமுண்டா என்றால், இல்லை. இதைப் பென்ஷன்காரர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆதார் வழக்கில் 2018-ஆம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பில், ஆதார் சட்டத்தின் 7-வது பிரிவின்படி சர்க்கார் உதவிகளுக்கு ஆதார் கேட்கலாம் என்று ஒத்துக்கொண்ட பெரும்பான்மை ஜட்ஜுகளே, சர்க்கார் ஊழியர் உழைத்துச் சம்பாதித்த பென்ஷன் அந்தப் பிரிவுக்குள் வராது, அது அவருடைய உரிமை என்றும் சொன்னார்கள். அதன்பிறகு 2021 மார்ச்சு மாதத்தில் மத்திய சர்க்காரே ஓர் அறிவிப்பு வெளியிட்டு, ஜீவன் பிரமாணுக்கு ஆதார் ஒப்பீடு இஷ்டப்பட்டவர்களுக்கு மட்டும்தான், இஷ்டப்படாதவர்களுக்கு வேறு வழி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிற்று. இவ்வளவும் அச்சில் இருக்கிறது. இருந்தும் "ஆன்லைனில் தவிர வாங்க மாட்டோம்" என்று சொல்லும் கவுண்டர்கள் எத்தனை! சட்டம் டில்லியில் இருக்கிறது, கவுண்டர் நம்மூரில் இருக்கிறது. சட்டத்தைப் படித்தவன் வரிசையில் நிற்பதில்லை, வரிசையில் நிற்பவனுக்குச் சட்டத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லை. இந்த இடைவெளியில்தான் அத்தனை அக்கிரமமும் குடியிருக்கிறது.

சிப்பாய்களுடைய கதையைக் கேளுங்கள். தேசத்துக்காகத் துப்பாக்கி பிடித்தவர்கள் என்று மேடைக்கு மேடை புகழ்கிறார்கள் அல்லவா? அவர்களுடைய பென்ஷனைப் பாங்கிகளிடமிருந்து மாற்றி "ஸ்பர்ஷ்" என்ற ஒரே கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். 2022-ஆம் வருஷம் ஏப்ரல் மாத முடிவில் 58,000 பேருக்குமேல் பென்ஷன் வரவில்லை. ஏனென்றால் அவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்பதை அந்தக் கணக்கில் யாரும் பதியவில்லை, பாங்கிகளாலும் உறுதி சொல்ல முடியவில்லை. கூச்சல் கிளம்பிய பிறகு, மே மாதம் 4-ந் தேதி, விசேஷ விலக்குக் கொடுத்துப் பணம் போட்டு விட்டதாகச் சர்க்கார் சொல்லிற்று. ஆக ஒரு கையெழுத்தில் விலக்குக் கொடுக்க முடிகிறது! அந்த விலக்கைப் பணத்தை நிறுத்துவதற்கு முன்பே கொடுத்திருந்தால் எந்தக் கஜானா காலியாகியிருக்கும்? பெயர் பதியவில்லையென்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அவர் செத்திருக்கலாம், அல்லது உத்தியோகஸ்தன் வேலை செய்யாதிருக்கலாம். முதலாவதைத்தான் உடனே நம்புகிறார்களே தவிர, இரண்டாவதை நினைத்தும் பார்ப்பதில்லை.

அடிப்படையான கேள்விக்கு வருவோம். ஒருவர் செத்துப் போனாரா என்று தெரிந்துகொள்ள வேண்டியது யாருடைய வேலை? 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி சாவு நடந்த 21 நாளைக்குள் பதிவுக்காரரிடம் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டத்தை 2023-இல் திருத்தி, தேசம் முழுவதற்கும் ஒரே கணக்குப் புத்தகம் கம்ப்யூட்டரில் வைப்பதென்றும், மற்றச் சர்க்கார் இலாகாக்கள் கேட்டால் அதைக் கொடுக்கலாமென்றும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். செத்தவர்களின் ஜாபிதா சர்க்காரின் ஒரு கையில் இருக்கிறது. பென்ஷன்காரர்களின் ஜாபிதா மறு கையில் இருக்கிறது. இரண்டையும் ஒத்துப் பார்ப்பதற்குத்தான் கம்ப்யூட்டர் என்ற சாதனம் பிறந்தது. அந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்காமல், எண்பது வயதுக் கிழவிக்குக் கொடுத்து, "நீ சாகவில்லை என்று வருஷா வருஷம் நிரூபி" என்று சொல்லுகிறார்களே, இது என்ன நியாயம்?

"எல்லாச் சாவும் பதிவாவதில்லை, செத்தவர் பெயரில் பிள்ளைகள் பணம் வாங்கித் தின்கிறார்கள்" என்று பதில் சொல்லுவார்கள். உண்மைதான், அப்படியும் செய்கிறார்கள். நாம் மோசடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சந்தேகம் வந்த இடத்துக்கு ஓர் ஆளை அனுப்பி, கதவைத் தட்டி, "பெரியவர் இருக்கிறாரா?" என்று கேட்பதற்கு என்ன தடை? ஓட்டு வாங்குவதற்கு வீடு கண்டுபிடித்துத்தானே வருகிறார்கள்! விசாரித்துவிட்டு நிறுத்துவது ஒரு முறை, நிறுத்திவிட்டு விசாரிப்பது ஒரு முறை. திருடன் விஷயத்தில்கூட முதல் முறைதான் சட்டம். கிழவர்கள் விஷயத்தில் மாத்திரம் இரண்டாவது முறை. "பிறகு அத்தாட்சி கொடுத்தால் பாக்கியும் சேர்ந்து வந்துவிடுமே" என்று சமாதானம் சொல்லுகிறார்கள். பாக்கி வரும். நடுவில் நின்று போன ரத்தக் கொதிப்பு மாத்திரை எப்படித் திரும்பி வரும்?

மாதத்தைப் பாருங்கள். மத்திய சர்க்கார் பென்ஷன்காரருக்கு நவம்பர். (80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1-ந் தேதி முதலே கொடுக்கலாம் என்று 2019-இல் உத்தரவு போட்டார்கள்.) டில்லியில் நவம்பர் நல்ல குளிர்ச்சியான மாதமாயிருக்கலாம். தஞ்சாவூரிலும் கடலூரிலும் சென்னையிலும் அது அடைமழை மாதம், புயல் மாதம், தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் மாதம். கிழவர்களை வெளியே கிளப்புவதற்கு இதைவிடத் தகுந்த மாதத்தை எமனாலும் கண்டுபிடிக்க முடியாது. தொழிலாளர் வைப்பு நிதிப் பென்ஷன்காரருக்கு எந்த மாதத்தில் கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு வருஷம் செல்லும் என்று வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சர்க்காரும் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல் என்று வைத்திருக்கிறது. ஓரிடத்தில் முடிகிறது இன்னோரிடத்தில் ஏன் முடியாது?

பெயர் விஷயம் ஒரு தனிக் கூத்து. தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பன் பெயரின் முதலெழுத்து, தன் பெயர், இவ்வளவுதான். ஜாதி வாலையும் அறுத்தெறிந்தவர்கள் நாம். கம்ப்யூட்டர் பாரமோ முதல் பெயர் என்ன, கடைசிப் பெயர் என்ன என்று கேட்கிறது. கு. முத்துசாமி என்பவர் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு விதம், பாங்கியில் முத்துசாமி கு. என்று வேறு விதம், ஆதாரில் குப்பன் முத்துசாமி என்று மூன்றாம் விதம். இங்கிலீஷில் எழுதும்போது ஒரு எழுத்துக் கூடவும் குறையவும் செய்தால் நாலாம் விதம். பிறந்த தேதியோ, பள்ளிக்கூடத்து வாத்தியார் உத்தேசமாகப் போட்டது. இந்த நாலு முத்துசாமியும் ஒரே முத்துசாமிதான் என்று ஊரே சாட்சி சொல்லும், கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது. அதைத் திருத்துவதற்கு ஒரு மையம், அங்கிருந்து வேறொரு மையம், அங்கே அத்தாட்சி, அதற்குக் கையெழுத்து. கு. என்ற ஓர் எழுத்துக்காக ஒரு கிழவன் இத்தனை படியேறுகிறான். ஜாதிப் பட்டத்தைப் பெயரோடு வைத்திருப்பவனுக்குக் கட்டம் சரியாக நிரம்பிவிடுகிறது. விட்டவனுக்குத்தான் கட்டம் காலியாய் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள்.

குடும்பப் பென்ஷன் வாங்கும் பெண்கள் மறுமணம் செய்யவில்லை என்றும் வருஷா வருஷம் சொல்ல வேண்டியிருக்கிறது. விதி துணைவனுக்கும் துணைவிக்கும் ஒன்றே என்பார்கள். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது யாருக்குத் தெரியாது? எழுபது வயது அம்மாளிடம் இருபது வயதுப் பையன் நாலு பேர் நடுவில், "வேறே கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா பாட்டி?" என்று கேட்டுக் கட்டத்தில் டிக் அடிக்கிறான். மறுமணம் செய்தவருக்கும், மறுபடி உத்தியோகத்தில் சேர்ந்தவருக்கும் ஜீவன் பிரமாண் கிடையாது, அவர்கள் பழையபடி காகிதத்தோடுதான் போக வேண்டும் என்பது விதி. விதவை தாலியைத் திரும்பக் கட்டிக்கொள்ளக் கூடாதென்று ஊர் சொன்ன காலத்தில் அதை எதிர்த்து நின்றோம். இப்போது ஊர் சும்மாயிருக்கிறது, பாரம் கேட்கிறது.

இனி நம்முடைய ஜனங்களின் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நாம் பட்சபாதம் செய்தவர்களாவோம்.

"சர்வர் இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்றால் நம்மவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. சாமி வரம் தரவில்லை என்று பூசாரி சொன்னால் எப்படித் திரும்பி நடந்தார்களோ அப்படியே திரும்பி நடக்கிறார்கள். "என் தலையெழுத்து, ரேகை விழமாட்டேன் என்கிறது" என்று ஒருவர் நம்மிடம் சொன்னார். தலையிலும் எழுத்து, விரலிலும் எழுத்து! அத்தாட்சி கொடுக்க ராகுகாலம் பார்த்துப் போகிறவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு நிற்கும் அந்த யந்திரம், மறுநாள் விரலை வாங்காவிட்டால் பூசினவர்கள் யாரைக் கேட்பார்கள்?

இந்தப் பயபக்தியினால் பிழைப்பவர்கள் தரகர்கள். பிரௌசிங் சென்டர் வைத்திருப்பவர்களில் யோக்கியர்கள் அநேகம் பேர், பத்து இருபது வாங்கிக்கொண்டு ஒழுங்காகச் செய்து கொடுக்கிறார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சிலர் கிழவருக்கு செல்போன் இல்லையென்றால் தங்கள் எண்ணையே பதிந்து விடுகிறார்கள். அன்றைக்கு வேலை சுலபமாய் முடிகிறது. பிறகு பென்ஷனைப் பற்றிய சேதியெல்லாம் கிழவருக்கு வராமல் தரகருக்கே போகிறது. ஒவ்வொன்றுக்கும் அவர் வாசலுக்குத்தான் நடக்க வேண்டும். இடையில் நின்று கொண்டு, "உனக்கு மந்திரம் தெரியாது, நான் சொல்லுகிறேன், தட்சணை வை" என்ற பழைய வியாபாரம் பெயர் மாறி வந்திருக்கிறது. வீட்டுக்குள்ளும் இதுதான். அம்மாவின் பென்ஷன், மகனின் செல்போன். எவ்வளவு வந்தது என்று அம்மா கேட்டால், "உனக்கெதுக்கு அதெல்லாம்" என்கிறான்.

இதைவிடக் கொடியவர்கள் டெலிபோன் திருடர்கள். "பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் உயிர் அத்தாட்சி முடிந்துவிட்டது, செல்போனுக்கு ஒரு எண் வந்திருக்கிறது, அதைச் சொல்லுங்கள்" என்பார்கள். எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் கணக்கிலுள்ளது காலி. வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் நம்முடைய ஜில்லாக்களிலேயே இருக்கிறார்கள். எந்தச் சர்க்கார் ஆபீஸும் எந்தப் பாங்கியும் டெலிபோனில் அந்த எண்ணைக் கேட்காது. ஆனால் கிழவர் ஏன் ஏமாறுகிறார்? பென்ஷன் நின்று விடும் என்ற பயத்தை வருஷமெல்லாம் ஊட்டி வைத்திருப்பது சர்க்கார். அந்தப் பயத்தை அறுவடை செய்கிறவன் திருடன்.

பெரிய பென்ஷன்காரர்களாவது எப்படியோ சமாளித்துக் கொள்ளுகிறார்கள். சிறியவர்களின் கணக்கைப் பாருங்கள். ஆலைகளிலும் கம்பெனிகளிலும் பாடுபட்டவர்களுக்கு 1995-ஆம் வருஷத்துப் பென்ஷன் திட்டத்தில் குறைந்த பட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். 2025-லும் அதே ஆயிரம்தான். கதியற்ற முதியோருக்கு மத்திய சர்க்காரின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 வயதானால் 500. தமிழ்நாட்டுச் சர்க்கார் 1962 முதல் முதியோர் உதவி கொடுத்து வருகிறது. 2023-இல் அதை 1,200 ரூபாயாக உயர்த்திற்று. இந்த ஆயிரத்துக்கும் ஆயிரத்திருநூறுக்கும் ஆட்டோவுக்கு நூறு, சென்டருக்கு முப்பது, ஆதார் திருத்தத்துக்கு ஒரு தொகை, வராத நாளுக்கு இன்னொரு ஆட்டோ என்று போனால் மிஞ்சுவது எவ்வளவு? தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு 2020-இல் வந்தது, நல்லதுதான், அதற்கு 70 ரூபாய் கட்டணம் வைத்தார்கள். இங்கிலாந்தில் 1909-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்தபோது, பக்கத்துத் தபாலாபீஸிலே கொடுத்தார்கள். கம்ப்யூட்டரில்லாத காலத்தில் அவர்களுக்குத் தோன்றிய காரியம் இது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லுவோம்.

விரல் விழவில்லை, முகம் விழவில்லை என்றால் பென்ஷன்காரர் திரும்பி நடக்கக்கூடாது. காகித அத்தாட்சி இன்னும் செல்லும். கெஜட்டெட் அதிகாரி, சப்-ரிஜிஸ்திரார், போஸ்ட் மாஸ்டர் போன்றவர்கள் கையெழுத்திட்ட அத்தாட்சியை அனுப்பினால் நேரில் போக வேண்டிய அவசியமே இல்லை. தம் பாங்கியின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து அத்தாட்சி வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் பாங்கி எல்லாப் பாங்கிகளுக்கும் எழுதியிருக்கிறது. அத்தாட்சியை வாங்கிக் கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட ரசீது கொடுக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் பாங்கியின் உத்தரவே. "வாங்க மாட்டோம்" என்றால், "அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனையோ கவுண்டர்கள் திறந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

யந்திரத்தில் முடிந்து எண் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் தப்பு. அந்த எண் வந்த பிறகும், பென்ஷன் கொடுக்கும் ஆபீஸ் அதை ஏற்கவும் செய்யலாம், தள்ளவும் செய்யலாம். பென்ஷன் உத்தரவு எண்ணில் ஓர் இலக்கம் தப்பினாலும், கொடுக்கிற ஆபீஸின் பெயரை மாற்றித் தேர்ந்தெடுத்து விட்டாலும் தள்ளிவிடுவார்கள். செல்போனுக்கு வரும் சேதி ஆங்கிலத்திலிருப்பதால் அது ஏற்றதா தள்ளினதா என்று தெரியாமலே அநேகம் பேர் நிம்மதியாய்த் தூங்கி, டிசம்பர் முடிவில் பாஸ் புத்தகத்தைப் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து யாரையாவது கொண்டு பார்க்கச் சொல்ல வேண்டும்.

நமது இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் இரண்டாயிரம் பாட்டு அடங்கிய செல்போன் வைத்திருக்கிறீர்கள். அக்டோபர் கடைசியிலேயே உங்கள் தெருவில் பென்ஷன் வாங்குவோர் யார் யார் என்று ஜாபிதா எடுங்கள். நாலு ஞாயிற்றுக்கிழமை போதும். காலை வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார வைத்து முகத்தைக் காட்டச் செய்யுங்கள், கண் ஆபரேஷன் செய்தவரானால் கருப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். அவருடைய சொந்த செல்போன் எண்ணைப் போடுங்கள், உங்களுடையதைப் போடாதீர்கள். அவருக்கு வரும் ரகசிய எண்ணை அவரே படித்துத் தட்டட்டும். எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியாத கிழவர் அபூர்வம். காசு வாங்காதீர்கள், காப்பியும் வேண்டாம். முடிந்ததும் அந்த எண்ணைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, தேதி போட்டு, அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.